ஆயிரத்தில் நாற்பத்தொன்று

வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லிவைத்தார்கள்.
ஐம்பத்துமூன்று வருடத்துக்கு முன் யாரோ கட்டியதை
வாங்கிப்பார் என்று
ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

டுசெல்டோர்ஃப், ஓபர்காசல்.
மூன்றாம் மாடி, அதற்கு மேல் கூரை.
விற்பவர் கித்தமுரா.
உருக்குக் கம்பனிக்கு மூன்று வருடம் என்று வந்து
நாற்பத்துநான்கு வருடம் இருந்துவிட்டவர்.
நாங்கள் கேளாமலே சப்பாத்தைக் கழற்றினோம்.
அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

தரகுப் பெண் பிறிங்ஹோஃப் கழற்றவில்லை.
தெற்கு வெயில், ஆறு நிமிடத்தில் டிராம்,
ரைன் கரை நடக்கிற தூரம்,
இந்தப் பக்கம் விலை இறங்கியதே இல்லை என்றாள்.
பரணீதரன் குசினிக் குழாயைத் திறந்து
வெந்நீர் வர எத்தனை விநாடி என்று எண்ணினான்.
நான் யன்னல் விளிம்பில் விரலை ஓட்டினேன்.

கித்தமுரா ஒன்பது கோப்புகளைத் தூக்கிவந்தார்.
உரிமையாளர் கூட்டக் குறிப்புகள், எண்பத்தொன்றிலிருந்து.
"எங்கள் நாட்டில் சொல்வோம்,
அடுக்குமாடியில் சுவரை வாங்காதே, பராமரிப்பை வாங்கு."

தொண்ணூற்றுநான்கு:
மூன்றாம் மாடியில் மீன் பொரித்த மணம், எதிர்வீட்டார் முறைப்பாடு.
திரு கித்தமுரா மன்னிப்புக் கேட்டார்.
(என் கண்ணில் நெத்தலித் தாச்சி ஒருமுறை மின்னி மறைந்தது.)
சைக்கிள் அறைக்குப் பூட்டு, ஏகமனதாக.
கூரை திருத்தம், ஒத்திவைப்பு.
லிஃப்டுக்குள் கண்ணாடி வேண்டுமா, இரண்டரை மணி நேர விவாதம்.
கூரை, ஒத்திவைப்பு.
கூரை. பதினேழு எதிர், ஏழு ஆதரவு.
ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்
ஒவ்வொரு முறையும்:
அது அவர் உயர்த்திய கை.

பொதுச் சேமிப்பில் முப்பத்தெட்டாயிரம்.
எங்கள் சனத்தின் சீட்டு மாதிரித்தான்,
ஆனால் இதில் கழிவு கூறி எடுப்பது
ஆட்கள் அல்ல, ஓட்டைகள்.

எழுபத்திரண்டு சதுர மீட்டருக்குள் மட்டும்தான்
வீடு என்று நினைத்திருந்தேன்.
பத்திரம் வேறு சொன்னது:
படிக்கட்டில், லிஃப்டின் கயிற்றில்,
நிலவறைக் குழாயில், தபால் பெட்டி ஆணியில்
ஆயிரத்தில் நாற்பத்தொரு பங்கு.
கூரையிலும்.

அன்றிரவு மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் கணக்கு.
கூரைக்கு இரண்டு இலட்சத்து அறுபதாயிரம்,
சேமிப்பைக் கழித்து எங்கள் தலையில்
ஒன்பதாயிரத்து நூற்றிரண்டு யூரோ.
"வாடகைக்கு விட்டாலும் நட்டமில்லை" என்றான் பரணி.
"யாருக்கு வாங்குகிறோம், வங்கிக்கா, எங்களுக்கா?"
பதில் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றினான்.
கடன் முடிகிற வருடம்
வீட்டுக்கு எழுபத்தெட்டு, எனக்கு அறுபத்தொன்பது.
யாருக்கு முதலில் திருத்தவேலை வரும்?

இரண்டாம் முறை போனபோது
படுக்கையறை அலுமாரியை அவரே தள்ளினார்.
பிறிங்ஹோஃப் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள்.
பின்சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கறை.
சுற்றிலும் பென்சில் கோடுகள், கோட்டருகே வருடங்கள்:
2011, 2015, 2019, போன மார்கழி.
பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் குறிப்பது போல
ஈரத்தை வளர்த்திருக்கிறார் மனிதர்.
பன்னிரண்டு வருடத்தில் ஒரு உள்ளங்கை அகலம்.

"என் நாட்டில் இந்த வயதுக் கட்டடத்தை
விலையில் சேர்க்கவே தயங்குவார்கள்,
மண்ணுக்குத்தான் காசு" என்றார்.
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு:
"இங்கே எனக்கு நல்ல விலை கேட்கச் சொல்கிறார்கள்."

ஒன்பதாயிரத்து நூற்றிரண்டைக் கழித்து
எங்கள் தொகையைச் சொன்னேன்.
தாளை வாங்கிப் பார்த்தார்,
மேல்சட்டைப் பையிலிருந்து அதே பென்சில்.
"பீலியை மறந்துவிட்டீர்கள்.
இன்னும் நானூறு கழியுங்கள்."
பிறிங்ஹோஃப் இருமினாள்.

பேனையை எடுக்குமுன் ஒன்று கேட்டேன்:
மீன் மணத்துக்கு முறையிட்ட எதிர்வீட்டுக்காரர்
இப்போதும் இருக்கிறாரா?

"இருக்கிறார்.
இருபது வருடமாக வெள்ளிக்கிழமைகளில்
என்னிடம்தான் மீன் சாப்பிடுகிறார்.
கூரைக்கு மட்டும் இன்னும் எதிர்."